ஒரு பந்து, முப்பது பிள்ளைகள்

2025 ஆகஸ்ட் 8 அன்று தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. அன்று தொடங்கிய பேச்செல்லாம் இருமொழியையும் பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தையும் சுற்றியே ஓடியது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் விளையாட்டு பீரியடில் என்னதான் செய்கிறார்கள் என்று கேட்க ஆளில்லை.

முப்பது பேர் வரிசையில் நிற்பார்கள். பந்து ஒன்று. வாங்கி எறிந்தவர் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். 40 நிமிட பீரியடை ஒரு நொடிகூட வீணாக்காமல் பங்கிட்டாலும் தலைக்கு ஒரு நிமிடம் 20 நொடி. மற்ற நேரமெல்லாம் வெயிலில் நிற்க வேண்டியதுதான். 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரி 60 நிமிடம் உடல் நன்றாக இயங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஜப்பானைப் பாருங்கள். அங்கே ஒன்றாம் வகுப்பின் 850 பாடவேளைகளில் 102 உடற்கல்விக்கு. இரண்டு முதல் நான்காம் வகுப்பு வரை ஆண்டுக்கு 105. ஐந்திலும் ஆறிலும் 90. ஆக, ஆறாண்டில் 597 பாடவேளைகள். முதலிரண்டு வகுப்புகளில் நம் ஊர் ஓடிப்பிடித்து போன்ற விளையாட்டே பாடத்திட்டத்தில் இருக்கிறது. பந்து விளையாட்டுகளும் வயதுக்கேற்பப் படிப்படியாக வருகின்றன. நடத்துபவர் பெரும்பாலும் வகுப்பாசிரியரேதான், தனியாக பி.டி. மாஸ்டர் இருப்பது அரிது.

இங்கே, ‘பி.இ.டி. போஸ்டிங் வந்தால் பார்க்கலாம்’ என்பது நிரந்தரப் பதில். வராது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, நூறு பேருக்கு மேல் படிக்கும் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்குத்தான் பகுதிநேர உடற்கல்விப் பயிற்றுநரைக் கேட்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை மைதானமும் விளையாட்டுப் பொருளும் போதுமாம்! அந்தப் பொருளுக்கு சமக்ர சிக்ஷா திட்டத்தின் விளையாட்டு மானியம் தொடக்கப்பள்ளிக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய். ஆறு பந்து வாங்க அது தாராளம்.

ஆறு பந்து இருந்தால் பாடமே மாறிவிடும். சுண்ணாம்புத்தூளில் ஐந்து கட்டம். கட்டத்துக்கு ஆறு பேர், ஒரு பந்து; மிச்சம் ஒன்று உதிரி. நால்வர் பந்தைக் கைமாற்ற வேண்டும், இருவர் பறிக்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து நிறுத்தி, ‘பந்து வராதப்ப நீ எங்க போய் நிக்கணும்?’ என்று ஆசிரியர் கேட்கிறார். பதில் சொன்ன கையோடு மீண்டும் ஆட்டம். பறிப்பவர்கள் திணறினால் கட்டத்தைச் சுருக்கலாம். ஆட்டத்தின் வழியே ஆட்டத்தைப் புரியவைக்கும் இந்த முறையை பங்கர், தார்ப் என்ற இரு ஆங்கிலேயர்கள் 1982-லேயே எழுதிவிட்டார்கள்.

குழந்தைகள் தாமாகவே விளையாடிக்கொள்வார்கள் என்பவர்கள் மைதானத்தின் ஓரத்தைப் பார்த்ததில்லை. கெட்டிக்காரர் நால்வர் ஆட, மீதிப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். மணி அடித்ததும் ‘கணக்கு பாக்கி இருக்கு’ என்று அந்த பீரியடைக் கடன் வாங்கும் ஆசிரியர்களிடம் வாதாடுவதே வீண்.

எண்ணும் எழுத்தும் திட்டத்துக்குப் பருவந்தோறும் கையேடு அச்சிட முடிந்த பள்ளிக் கல்வித் துறைக்கு, வாரத்துக்கு இரண்டு விளையாட்டுப் பாடம் எழுதித்தர முடியாதா? பாரிஸ் ஒலிம்பிக்கில் ஜப்பானுக்கு 20 தங்கம், இந்தியாவுக்கு ஒன்றுகூட இல்லை. அந்தக் கணக்கு ஒன்றாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும்போது பாடநூல் கட்டோடு விளையாட்டுக் கையேடும் ஒவ்வொரு தொடக்கப்பள்ளிக்கும் போய்ச் சேர வேண்டும்.