டாலருக்குக் கணக்கு உண்டு, ஆளுக்கு இல்லையா?

காரிமங்கலம் வாரச் சந்தைக்கு ஒரு மாட்டை ஓட்டி வந்தால், சுங்கச் சீட்டு வாங்கியாக வேண்டும். பொழுது சாய்வதற்குள் எத்தனை உருப்படி வந்தது என்று குத்தகைதாரர் வாய்ப்பாடு போல ஒப்பித்துவிடுவார். அதே காரிமங்கலத்திலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் கடல் கடந்து பிழைக்கப் போன பிள்ளைகள் எத்தனை பேர்? எந்த நாட்டில், என்ன வேலையில் இருக்கிறார்கள்? எத்தனை பேர் திரும்பினார்கள்? இதையெல்லாம் ஊர்வாரியாக எழுதி வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மாட்டுக்குச் சீட்டு உண்டு, மனிதனுக்கு இல்லை!

“அதெல்லாம் நடக்கிற காரியமா?” என்று கையை விரிப்பவர்கள் உண்டு. ஏன் நடக்காது? வெள்ளைக்காரத் துரைமார் நடத்திக் காட்டவில்லையா? 1965 வரை தர்மபுரி சேலம் ஜில்லாவோடு சேர்ந்திருந்தது. அந்தச் சேலம் ஜில்லா ஜனங்களையும் கங்காணிகள் இலங்கைத் தோட்டங்களுக்கு அழைத்துப் போனார்கள். ஆளுக்கொரு தகர வில்லை கொடுத்தார்கள். அதில் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் பொறித்திருக்கும். வழிச் செலவு அந்தத் தோட்டத்தின் பேரில் பற்று எழுதப்படும். தொழிலாளியின் கடனைக் குறித்த ‘துண்டு’, 1921ல் ஒழிக்கப்படும் வரை அவனைத் தோட்டம் தோட்டமாகத் துரத்தியது. லாபத்துக்கு என்றால் ஒரு தலைகூடக் கணக்கில் தப்பவில்லை!

உரிமை என்று வந்தபோது நடந்தது என்ன? 1948ல் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம், தலைமுறை தலைமுறையாக அங்கே உழைத்தவர்களிடம் பத்திரம் எங்கே என்று கேட்டது. 1964ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை, அவர்களைக் கேளாமலே, பங்கு போட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம் என்று! கணக்கு எப்போதும் எடுக்கப்பட்டது. அது யாருக்காக எடுக்கப்பட்டது என்பதே நம் கேள்வி.

இன்றைய நிலையைப் பாருங்கள். 2024ல் வெளிநாடுகளிலிருந்து இந்தியர் அனுப்பிய பணம் சுமார் 12,900 கோடி டாலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. எந்த ராஜ்யத்துக்கு எத்தனை பங்கு என்று ரிசர்வ் வங்கி விவரம் தருகிறது. டாலர் அனுப்பிய ஆளின் விவரம் எங்கே? 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போனால் அனுமதி வேண்டும். அவர் பதிவில் ஏறுவார். பத்தாவது தேறிய கொத்தனார் துபாய்க்குப் போனால் அந்த அனுமதிப் பதிவில் இல்லை. சுற்றுலா விசாவில் ஏஜெண்டு ஏற்றிவிட்ட பையனும் இல்லை. சிங்கப்பூர் அந்த 18 நாடுகளில் ஒன்றே அல்ல. ஆனால் 2015ல் திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தார் தமிழ்நாட்டில் நடத்திய ஆய்வு, சுமார் 22 லட்சம் பேர் வெளிநாடுகளில் இருப்பதாகவும், சிங்கப்பூரில்தான் அதிகம் என்றும் கண்டது!

2011 ஜனத்தொகைக் கணக்கு, வந்து குடியேறியவர் எங்கே பிறந்தார் என்று கேட்டது. உங்கள் வீட்டிலிருந்து வெளிநாடு போனவர் யார் என்று கேட்கவில்லை. 2021ல் எடுக்க வேண்டிய கணக்கோ அந்த ஆண்டு எடுக்கப்படவே இல்லை.

இது புள்ளிவிவர நிபுணர்களின் தகராறு என்று ஒதுக்கிவிடாதீர்கள். அனுமதி பெற்றுப் போகிறவருக்கு 10 லட்சம் ரூபாய்க் காப்பீடு கட்டாயம். அந்தக் கணக்குக்கு வெளியே போனவனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 2024 ஜூன் 12ல் குவைத் மங்காஃப் கட்டிடத் தீயில் 7 தமிழ்நாட்டுத் தொழிலாளர் மாண்டார்கள். மாண்டவர் பெயர்களைச் சில நாளில் திரட்ட முடிந்தது. உயிரோடிருப்பவர் பெயர்களைத் திரட்ட முடியாதா?

கணக்கில்லாமையே சர்க்காருக்குக் கேடயமாகிவிடுகிறது. 2020 செப்டம்பர் 14ல் நாடாளுமன்றத்தில் கேட்டார்கள்: ஊரடங்கில் ஊர் திரும்பும்போது இறந்த தொழிலாளர் எத்தனை பேர்? மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் சொன்ன பதில்: அந்த விவரம் வைத்திருக்கவில்லை, ஆகவே நஷ்டஈடு என்ற கேள்வியே எழவில்லை! உள்நாட்டில் செத்தவனுக்கே இந்த நியாயம் என்றால், பாலைவனத்தில் செத்தவனுக்கு என்ன நியாயம் கிடைக்கும்?

2018ல் உலக நாடுகள் ஏற்ற குடிபெயர்வு உடன்பாட்டின் முதல் குறிக்கோளே சரியான விவரம் சேகரித்துப் பயன்படுத்துவதுதான். ஐ.நா. சபையில் இந்தியாவும் அதற்கு ஆதரவாக வாக்களித்தது. அங்கே கை தூக்கிவிட்டு இங்கே கையை விரிப்பதா?

“பட்டியல் போலீஸ் கையிலோ ஏஜெண்டு கையிலோ சிக்கினால்?” என்று சிலர் அஞ்சுகிறார்கள். நியாயமான அச்சம். ஆகவே பெயர்கள் பூட்டுக்குள் இருக்கட்டும்; எண்ணிக்கை ஊரறிய வெளிவரட்டும்.

நம் கோரிக்கைகள் எளியவை. 2027 ஜனத்தொகைக் கணக்கில் வெளிநாடு போன வீட்டாரைப் பற்றிக் கேள்வி வேண்டும். கேரளம் 1998 முதல் திரும்பத் திரும்ப நடத்துவது போல், குறித்த காலத்தில் தமிழ்நாட்டு ஆய்வு வேண்டும். காரிமங்கலம் போன்ற ஒவ்வொரு ஊரிலும் போனவர், திரும்பியவர், இறந்தவர், சம்பள பாக்கி உள்ளவர் என்று பதிவேடு வேண்டும். அதன் தொகையைக் கிராம சபையில் படிக்க வேண்டும். படிப்பும் நாடும் பாராமல் காப்பீடு எல்லோருக்கும் வேண்டும்.

தகர வில்லை துரைக்காக அடிக்கப்பட்டது. இந்தப் பதிவேடு தொழிலாளிக்காக எழுதப்படட்டும். அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று முதல் கேள்வியைக் கேளுங்கள்: எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேர் கடலுக்கு அப்பால் இருக்கிறார்கள்?