பத்து வயசுப் பிள்ளை படிக்கிற கதையில் சாவு வரலாமா?

பள்ளி விடுமுறை நெருங்கினால், காய்ச்சல் சளிக்கு அடுத்தபடியாக என்னிடம் வரும் கேள்வி இது. "டாக்டர், பையனுக்குப் பத்து வயசு ஆகுது, போனைக் கீழ வைக்க மாட்டேங்கிறான். படிக்க என்ன புக் வாங்கித் தரலாம்?" கூடவே ஒரு நிபந்தனையும் வரும். "நல்ல கருத்தா இருக்கணும். நோய், சாவு, அழுகை இதெல்லாம் இல்லாம சொல்லுங்க."

இந்த நிபந்தனையில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம். டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க.

9 முதல் 13 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பற்றிப் பேசுறேன். பெண் பிள்ளைகளுக்கு 8-லிருந்து 13 வயதுக்குள்ளும், ஆண் பிள்ளைகளுக்கு 9-லிருந்து 14 வயதுக்குள்ளும் பருவ மாற்றம் தொடங்குவது இயல்பு. நாம் "இன்னும் குழந்தைதானே" என்று கார்ட்டூன் போட்ட பென்சில் பாக்ஸ் வாங்கிக் கொடுக்கும் அதே வருஷத்தில் உடம்பு தன் வேலையை ஆரம்பித்துவிடுகிறது. செத்தவர் திரும்பி வர மாட்டார், எல்லாருக்கும் ஒருநாள் அது உண்டு என்பதும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த வயதுக்குள் புரிந்துவிடும். நாம் சொல்லவில்லை என்பதால் தெரியாமல் இருப்பதில்லை. தெரிந்ததை யாரிடம் கேட்பது என்றுதான் தெரிவதில்லை.

ஒரு வீட்டு நிலவரம் சொல்றேன். இது ஒரு வீடு இல்லை, பல வீடு. அம்மாவுக்குப் புற்றுநோய், சிகிச்சை நடக்குது. "பையன்கிட்ட அல்சர்னு சொல்லி வெச்சிருக்கோம் டாக்டர்" என்பார்கள். பையனுக்கு வயது பதினொன்று. அம்மாவுக்கு முடி கொட்டியிருக்கு. ஊர்லேர்ந்து வர்ற சித்தி, அத்தை எல்லாரும் சமையல்கட்டில் போய் அழுதுட்டு முகம் கழுவிட்டு வர்றாங்க. அல்சருக்கு இதெல்லாம் நடக்காதுன்னு அவனுக்குத் தெரியாதா? தெரியும். பெரியவங்க மறைக்கிறாங்க, அதனால் நாமும் கேட்கக் கூடாது என்று அவனும் நடிக்க ஆரம்பிக்கிறான்.

பேட்ரிக் நெஸ் எழுதிய 'எ மான்ஸ்டர் கால்ஸ்' (2011) இந்தப் பையனைப் பற்றியதுதான். 13 வயது கானர். அம்மாவுக்குக் கடுமையான நோய். இரவில் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் யூ மரம் பூதமாகி வந்து மூன்று கதை சொல்லும். நாலாவது கதையை அவன் சொல்ல வேண்டும். அவன் யாரிடமும் சொல்லாத ஒரு நினைப்பு அதில் இருக்கிறது. 'இது எப்படியாவது முடிஞ்சுடாதா' என்ற நினைப்பு. நோயாளியோடு வீட்டில் வாழ்ந்த யாருக்கும் இது புதுசு இல்லை. பெரியவர்களே குற்ற உணர்ச்சியோடு என்னிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள். அதை ஒரு சின்னப் பையன் சொல்லலாம், சொன்னால் அவன் கெட்டவன் ஆகிவிட மாட்டான் என்று ஒரு நாவல் காட்டுகிறது. இந்தக் கதையின் கருவை முதலில் யோசித்தவர் ஷிவான் டவுட் என்ற எழுத்தாளர். மார்பகப் புற்றுநோயால் 2007-ல் இறந்துபோனார். அவர் விட்டுப்போன குறிப்பிலிருந்துதான் நெஸ் எழுதினார்.

ஒரு எச்சரிக்கை. வீட்டில் அந்தத் துக்கம் நடந்த வாரமே இந்தப் புத்தகத்தைப் பிள்ளை கையில் திணிக்காதீங்க. அலமாரியில் இருக்கட்டும். அவனே எடுப்பான்.

அவ்வளவு கனம் வேண்டாம், பிள்ளைக்கு ஒன்பது வயசுதான் என்றால், ஈ.பி. வைட்டின் 'ஷார்லட்ஸ் வெப்' (1952). ஒரு சிலந்தி தன் நண்பனான பன்றிக்குட்டியைக் காப்பாற்றிவிட்டுச் செத்துப்போகும். பிள்ளை அழும். அழட்டும்.

தமிழில் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது 'டோட்டோ-சான், ஜன்னலில் ஒரு சிறுமி'. ஜப்பானின் தெட்சுகோ குரோயாநாகி எழுதியது, நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் போட்டிருக்கு. கறாராகச் சொன்னால் இது நாவல் இல்லை, அவருடைய சொந்தப் பள்ளி அனுபவம். ஆனா பிள்ளைகள் கதையாகத்தான் படிக்கிறாங்க. அதில் போலியோவால் கை கால் பாதிக்கப்பட்ட யாசுவாக்கி என்ற பையனை, டோட்டோ-சான் வீட்டுக்குத் தெரியாமல் மரத்தில் ஏற்றிவிடுவாள். பின்னால் அவன் இறந்தும் போகிறான். இந்தியா போலியோ இல்லாத நாடு என்று 2014-ல் அறிவிக்கப்பட்டது. இப்போதைய பிள்ளைகள் போலியோ பாதித்த தங்கள் வயது நண்பனைப் பார்த்ததே இல்லை. இதைப் படிச்சுட்டு "போலியோன்னா என்ன டாக்டர்?" என்று கேட்ட பிள்ளைகளுக்கு நான் சொட்டு மருந்தைப் பற்றி அரைமணி நேரம் பேசியிருக்கேன். வெளியே காத்திருந்தவங்க மன்னிக்கணும்.

அடுத்தது பலர் முகம் சுளிக்கும் விஷயம். பிள்ளை வயசுக்கு வந்தா மண்டபம் பிடிச்சு, தெருமுனையில் பிளெக்ஸ் வெச்சு, சீர்வரிசையோடு ஊருக்கே சொல்றோம். அந்தப் பிள்ளையிடம் உன் உடம்பில் என்ன நடக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்றதில்லை. ரத்தத்தைப் பார்த்து ஏதோ பெரிய வியாதி வந்துடுச்சு என்று பயந்துபோய் வரும் பிள்ளைகளை இன்னைக்கும் பார்க்கிறேன். ஜூடி ப்ளூம் 1970-ல் எழுதிய 'ஆர் யூ தேர் காட்? இட்ஸ் மீ, மார்கரெட்' நாவலில் பன்னிரண்டைத் தொடும் ஒரு பெண்ணும் அவள் தோழிகளும் யாருக்கு முதலில் மாதவிடாய் வரும் என்று காத்திருக்காங்க. அமெரிக்கா, வேற மதம், வேற வீடு. ஆனாலும் அந்தக் குழப்பமும் வெட்கமும் நம்ம வீட்டுப் பிள்ளைக்கும் புரியும். அங்கேயே இந்த நாவலை நூலகத்திலிருந்து எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டவர்கள் உண்டு. ஆண் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றால் சில அப்பாக்கள் என்னை ஒரு மாதிரி பார்ப்பாங்க. நாளைக்கு அவன் வகுப்பில் ஒரு பிள்ளையின் பாவாடையில் கறை பட்டால், சிரிக்காமல் இருக்க அவனுக்கு ஏதாவது தெரிஞ்சிருக்கணும் இல்லையா?

தொடுதல் பற்றிப் பேச யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்'. பால சாகித்ய புரஸ்கார் வாங்கிய கதை. ஒரு மரப்பாச்சி பொம்மை சிறுமியிடம் பேசுகிறது. பெரியவர்கள் பேசத் தயங்குவதை அது பேசுகிறது. குழந்தைகளைத் துன்புறுத்துகிறவர்களில் பெரும்பாலோர் பிள்ளைக்குத் தெரிந்தவர்களே. "அந்நியர்கிட்ட பேசாதே" என்பது மட்டும் போதாது. நான் பத்து நிமிஷம் விளக்கியும் தலையை மட்டும் ஆட்டும் பிள்ளை, இந்தக் கதையைப் படிச்சுட்டு வாய் திறந்து கேள்வி கேட்குது.

இரா. நடராசனின் 'ஆயிஷா'வைத் தயக்கத்தோடு சேர்க்கிறேன். அருமையான குறுநாவல். ஆனால் அடி வலிக்காமல் இருக்க மயக்க மருந்தைத் தன் மேலேயே சோதித்து அந்தச் சிறுமி இறந்துவிடுகிறாள். பன்னிரண்டு வயதுக்கு மேல் கொடுங்க, நீங்களும் கூட உட்கார்ந்து படிங்க. ஆசிரியர்களும் படிக்கணும், அது தனிக் கதை.

"பிள்ளை பயந்துட்டா?" என்று கேட்பீங்க. சினிமா கொட்டகையில் பயந்தா ஓட முடியாது. புத்தகத்தை மூடி வெச்சுடலாம். வேகம் பிள்ளையின் கையில் இருக்கு. அது போக, கேள்வி கானரைப் பற்றியதாக இருக்கும்வரை எதையும் கேட்கலாம். 'கானர் ஏன் அப்படி நினைச்சான்?' என்று கேட்கிற பையன் தன்னைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் படிச்சு முடிச்சதும் "இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்ட?" என்று மட்டும் கேட்காதீங்க. அடுத்த புத்தகத்தைத் தொடவே மாட்டான். முடிஞ்சா நீங்க முதலில் படிச்சுடுங்க, அவனா பேச வரும்போது பதில் சொல்ல வசதி.

எல்லாக் கதையும் இப்படி இருக்கணும்னு சொல்லலை. வாண்டுமாமா இருக்கட்டும், ஹாரி பாட்டர் இருக்கட்டும் (அதிலும் முதல் அத்தியாயத்திலேயே அம்மா அப்பா இறந்துடுறாங்க, யாரும் கண்டுக்கிறதில்லை). தமிழில் இன்னும் தேடுகிறவர்கள் 2010-லிருந்து பால சாகித்ய புரஸ்கார் வாங்கிய நூல்களின் பட்டியலைப் பாருங்க. காசு கொடுத்துத்தான் வாங்கணும்னு இல்லை. சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இரண்டிலும் சிறுவர்களுக்குத் தனிப் பகுதி இருக்கு. உங்க ஊர்க் கிளை நூலகத்தில் இல்லைன்னா நூலகரிடம் கேட்டு எழுதி வெச்சுட்டு வாங்க.

உங்க பிள்ளை அழுதுக்கிட்டே படிச்சு முடிச்ச புத்தகம் ஏதாவது இருந்தா கீழே சொல்லுங்க. வயசையும் போடுங்க, மத்தவங்களுக்கு உதவும்.