விமானத்துக்கு நடுவே ஒரு பகல்

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், தமிழ்நாட்டிலிருந்து கைப்பேசிக்கு இப்படி ஒரு தகவல் வந்துவிடும்: "அக்கா, ஆஸ்திரேலியா போற வழியில கோலாலம்பூர்ல 15 மணி நேரம் கிடைக்குது. பிள்ளைங்களுக்கு என்னென்ன காட்டலாம்?" கூடவே ஒரு பட்டியல். இரட்டைக் கோபுரம், பத்துமலை, கெந்திங் மலை, புத்ராஜெயா, பிரிக்பீல்ட்ஸ், கொஞ்சம் ஷாப்பிங். சில பட்டியல்களில் மலாக்காவும் இருக்கும். கிள்ளானில் குடியிருப்பவள் என்பதால் இந்தப் பட்டியல்களை வெட்டிக் குறைக்கும் வேலை பல வருடங்களாக என் தலையில்தான் விழுகிறது.

முதலில் கணக்கைப் போடுங்கள். காலை 6 மணிக்கு வந்து இறங்கி இரவு 9 மணிக்கு ஏறுகிறீர்கள் என்றால் தாளில் 15 மணி நேரம். குடிநுழைவு வரிசை, பெட்டி, கழிப்பறை எல்லாம் முடிந்து வெளியே வர ஒன்றரை மணி நேரம். அடுத்த விமானத்துக்கு 3 மணி நேரம் முன்னதாகத் திரும்ப வேண்டும். விமான நிலையம் இருப்பது சிப்பாங்கில். போக ஒரு மணி, வர ஒரு மணி. மிஞ்சுவது எட்டரை. பிள்ளைகள் கூட இருந்தால் இன்னும் இரண்டைக் கழியுங்கள். பசி, தூக்கம், "நடக்க மாட்டேன்" என்று நடைபாதையில் உட்கார்ந்துவிடுவது எல்லாம் அதற்குள் அடக்கம். ஆக, கையில் இருப்பது ஆறரை மணி நேரம். இதே கணக்கை 10 மணி நேர இடைவெளிக்குப் போட்டால் ஒன்றரைதான் மிஞ்சும். அதற்காகக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வர வேண்டாம் என்பேன். விமான நிலையத்திலேயே சாப்பிட்டுக் காலை நீட்டிப் படுங்கள்.

இரண்டு விஷயங்களை ஊரிலேயே முடித்துவிட வேண்டும். இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்போருக்கு 2023 டிசம்பர் முதல் 30 நாள்வரை தங்க விசா தேவையில்லை; இந்தச் சலுகை 2026 இறுதிவரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் டிஜிட்டல் வருகை அட்டையை, வருவதற்கு முந்தைய 3 நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். பிள்ளைகளுக்கும் தனித்தனியாக. இதற்குக் கட்டணம் கிடையாது; பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசாங்கத்தின் தளம் அல்ல. அடுத்தது பெட்டி. இரண்டு விமானத்துக்கும் ஒரே டிக்கெட்டா, தனித்தனியா என்று பாருங்கள். தனித்தனி என்றால் பெரும்பாலும் பெட்டிகளை இங்கே எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும். இறங்குவது முதல் முனையம், ஏறுவது இரண்டாம் முனையம் என்றும் அமையலாம். நடந்து போகும் தூரமில்லை. ரயிலில் சில நிமிடம். பெட்டிகளை விமான நிலையத்துப் பாதுகாப்பறையில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வெளியே வாருங்கள்.

போன விடுமுறைக்குத் திருச்சியிலிருந்து மெல்பர்னுக்குப் போன என் சித்தி மகள் குடும்பத்தின் பட்டியலும் மேலே சொன்ன மாதிரிதான் இருந்தது. கணவன், மனைவி, 10 வயதுப் பெண், 6 வயதுப் பையன். கூடவே அவளுடைய மாமியார், 74 வயது. பட்டியலின் கடைசி வரியில், "அத்தை கிள்ளான் பார்க்கணும்னு சொல்றாங்க. டைம் இருந்தா பார்ப்போம்" என்று இருந்தது. அத்தை பிறந்ததே கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். ஐந்து வயதில் கப்பலேறி நாகப்பட்டினம் போனவர், அதன் பிறகு இந்தப் பக்கம் வந்ததே இல்லை. "டைம் இருந்தா" என்று எழுதப்படுகிற எதுவும் 15 மணி நேரப் பயணத்தில் நடக்காது. அதனால் பட்டியலைத் தலைகீழாக்கினேன். கிள்ளான் முதலில், அடுத்து பிரிக்பீல்ட்ஸ். கோபுரம் முடிந்தால்.

பலருக்குத் தெரியாத ஒன்று: சிப்பாங்கிலிருந்து கிள்ளானுக்கு வர, கோலாலம்பூருக்குள் நுழையவே வேண்டியதில்லை. இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். நெடுஞ்சாலையில் வந்தாலும் சரி, பந்திங் வழியாகச் செம்பனைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாலும் சரி. ஐந்து பேர் என்றால் ஆறு பேர் அமரும் கிராப் வண்டி சௌகரியம். கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ரயில் 28 நிமிடத்தில் கேஎல் சென்ட்ரலுக்குக் கொண்டுபோய் விட்டுவிடும், உண்மைதான். ஆனால் பெரியவர் ஒருவருக்கு 55 வெள்ளி. குடும்பமாகப் போகும்போது கூட்டிப் பார்த்தால் கார்தான் மலிவு. தனியாக வரும் இளைஞர்கள் ரயிலைப் பிடியுங்கள்.

கிள்ளானில் தெங்கு கிளானா சாலையில் பசியாறினோம். இங்கே "பசியாறிட்டீங்களா?" என்றால் காலை உணவு ஆயிற்றா என்று அர்த்தம், திருச்சிப் பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே வேடிக்கையாக இருந்தது. அவர்கள் வீட்டு இடியப்பம் இங்கே "புத்து மாயம்" என்ற பெயரில் தேங்காய்ப்பூவோடும் பழுப்புச் சர்க்கரையோடும் வந்தது இன்னும் வேடிக்கை. பையன் தன் உயரத்துக்குக் கூம்பாக நின்ற ரொட்டி தீசுவைப் பார்த்ததும் மற்றதையெல்லாம் மறந்துவிட்டான். பிள்ளைகளுக்குத் தெரு காட்டுவதென்றால் இந்தத் தெரு போதும். புடவைக் கடை, பூக்கடை, முறுக்குக் கடை, பித்தளைச் சாமான், பாட்டுச் சத்தம். பிரிக்பீல்ட்ஸை விட இங்கே நெருக்கம் அதிகம், அலங்காரம் குறைவு. எனக்கு இதுதான் பிடிக்கும். கிள்ளான்காரி அப்படித்தானே சொல்வாள் என்பீர்கள், சொல்லிக்கொள்ளுங்கள்.

பிறகு கிள்ளான் ஆற்றின் மேலுள்ள கோத்தா பாலம். இரண்டு அடுக்குப் பாலம் அது. மேல் அடுக்கு வண்டிகளுக்காகவும், கீழ் அடுக்கு நடப்போருக்கும் சைக்கிளில் போவோருக்குமாகவும் கட்டப்பட்டது. "தலைக்கு மேல லாரி போகுதா?" என்று பையன் இரண்டு முறை குறுக்கே நடந்தான். இதற்கு நுழைவுச் சீட்டும் வரிசையும் கிடையாது. காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் நடக்க முடியாது.

அத்தையின் தோட்டம் இப்போது இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, அதுவும் போய் வீடமைப்புப் பகுதி ஆகிவிட்டது. வரிசை வீடுகளுக்கு நடுவே தோட்டத்து மாரியம்மன் கோயில் மட்டும் புதுக் கோபுரத்தோடு நிற்கிறது. அத்தை அழுவார் என்று எதிர்பார்த்து மருமகள் கைக்குட்டையோடு பக்கத்தில் நின்றாள். அவர் அழவில்லை. கோயில் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று கேட்டார். கேட்டுவிட்டு, "அப்ப எங்க வீடு அந்தப் பக்கம்" என்று ஒரு கார் நிறுத்துமிடத்தைக் காட்டினார். தன் அப்பாவின் சைக்கிளைப் பற்றிப் பேத்தியிடம் சொல்ல ஆரம்பித்தார். துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டுமாம். அப்பா இறங்க மாட்டேன் என்று நின்றவர்களில் ஒருவராம்.

வீட்டுக் கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. 1941இல் மார்ச் தொடங்கி மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுவது, பெண்களிடம் அத்துமீறாமல் இருப்பது இவற்றோடு, துரைமார் முன்னால் சைக்கிளிலிருந்து இறங்கத் தேவையில்லை என்பதும் அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. வழிநடத்திய ஆர்.எச். நாதன் தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றியவர். அவரைப் பிடித்து இந்தியாவுக்கு நாடுகடத்தினார்கள். ராணுவம் வந்தது, தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். 10 வயதுப் பெண் கேட்டது ஒரே கேள்வி: "சைக்கிள் அவரோடதுதானே பாட்டி, எதுக்கு இறங்கணும்?" பாட்டியிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. அந்தப் பெண் அதற்கடுத்த நிமிடமே கோபுரத்துக்கு எப்போது போகிறோம் என்று கேட்டாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு கோம்யூட்டர் ரயில் இருக்கிறது. சிலாங்கூரின் முதல் ரயில் பாதை 1886இல் திறக்கப்பட்டது கோலாலம்பூருக்கும் கிள்ளான் பக்கத்து புக்கிட் கூடாவுக்கும் இடையில்தான். ரயில் என்றால் துள்ளும் பிள்ளைகள் இருந்தால் அதில் போகலாம். ஆனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அடுத்த வண்டிக்கான காத்திருப்பு வேறு. நாங்கள் காரில் போனோம். பிள்ளைகள் இருவரும் தூங்கிவிட்டார்கள். பயணத்திலேயே மிகப் பயனுள்ள முக்கால் மணி நேரம் அது.

பிரிக்பீல்ட்ஸுக்கு அந்தப் பெயர் வந்தது செங்கல் சூளைகளால். 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, வீடுகளைச் செங்கல்லால் கட்ட வேண்டும் என்றானது. அந்தச் செங்கல் இங்கே சுடப்பட்டது. பிறகு ரயில்வே வந்தது. தமிழ்நாட்டுக்காரர்களும் யாழ்ப்பாணத்துக்காரர்களும் ரயில்வே வேலைக்கு வந்து இங்கேயே குடியிருந்தார்கள். ஸ்காட் சாலையின் கந்தசுவாமி கோயில் இலங்கைத் தமிழர்கள் எழுப்பியது. பிரதான சாலைக்குப் பெயர் துன் சம்பந்தன். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களிடம் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டங்களை வாங்கவைத்தவர் அவர். அவர் பெயரைத் தாங்கிய சாலையில் இன்று வாழை இலைச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிறோம். மதியம் 12 மணிக்கே போய்விடுங்கள். ஒரு மணிக்கு அலுவலகக் கூட்டம் வந்துவிடும். 2010இல் லிட்டில் இந்தியா என்று திறந்துவைத்தபோது வந்த வளைவுகளும் யானை நீரூற்றும் படம் பிடிக்க நன்றாக இருக்கும், ஐந்து நிமிடத்துக்கு மேல் தேவையில்லை. நடைபாதையில் மஞ்சள் நிறத்தில் புடைத்திருக்கும் கோடுகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பார்வையற்றோர் சங்கம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. காலால் தடவி வழி கண்டுபிடிக்க அந்தக் கோடுகள். பையன் கண்ணை மூடிக்கொண்டு 20 அடி நடந்து பார்த்தான்.

பிற்பகலில் இங்கே மழை அடிக்கடி வரும், வந்தால் கொட்டும். அன்றும் 3 மணிக்குக் கொட்டியது. இதற்கென்றே எப்போதும் ஒரு மாற்றுத் திட்டம் வைத்திருப்பேன்: கேஎல் சென்ட்ரலிலிருந்து கூரை போட்ட நடைபாதை வழியாக மியூசியம் நெகாரா எம்ஆர்டி நிலையத்துக்குப் போய், தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் கழிக்கலாம். இந்த முறை அது செல்லவில்லை. பெண் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவளுக்குக் கோபுரம் வேண்டும், வகுப்பில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பெரியவர்களின் ஊரைப் பார்க்க அரை நாள் நடந்தவளுக்கு அவள் கேட்ட ஒன்றைக் கொடுக்காமல் அனுப்பினால் அது விடுமுறையா? எல்ஆர்டியில் ஏறினால் ஐந்தாவது நிலையம் கேஎல்சிசி. 452 மீட்டர் கோபுரத்தின் உள்ளே போய் 41ஆம் மாடிப் பாலத்தில் நிற்க நேரம் குறித்த சீட்டு முன்கூட்டியே வேண்டும், திங்கட்கிழமைகளில் அதுவும் கிடையாது. நாங்கள் மேலே போகவில்லை. கீழே பூங்காப் பக்கம் நின்று, ஈரத் தரையில் கழுத்து வலிக்க நிமிர்ந்து பார்த்து, 40 படம் எடுத்து, 20 நிமிடத்தில் திரும்பினோம். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

பத்துமலையை விட்டுவிட்டீர்களே என்று கேட்பவர்களுக்கு: அதற்குத் தனியாக வாருங்கள். 42.7 மீட்டர் முருகனைப் பார்த்துவிட்டுச் சும்மா திரும்ப யாருக்கும் மனம் வராது. 272 படிகளைச் சின்னப் பிள்ளைகளோடு ஏறி இறங்கினால் அன்றைய பலம் தீர்ந்தது. கையில் வாழைப்பழம் இருந்தால் குரங்கு வேறு. பத்துமலை மட்டுமே திட்டம் என்றால் அது நல்ல திட்டம். கேஎல் சென்ட்ரலிலிருந்து கோம்யூட்டர் கோயில் வாசலுக்கே போகிறது. அதோடு இன்னொன்றைச் சேர்க்காதீர்கள்.

கோபுரத்திலிருந்து கிளம்பும்போது மணி ஐந்து. வேலை விட்டு வீடு திரும்பும் கூட்டத்தில் கார் எடுத்தால் அவ்வளவுதான். கேஎல் சென்ட்ரல் வந்து அவர்களை எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏற்றிவிட்டேன். இந்த ஒரு நேரத்துக்கு 55 வெள்ளி தகும். கிள்ளானில் அத்தை இரண்டு முழம் மல்லிகை வாங்கித் தன் தலையிலும் பேத்தியின் தலையிலும் வைத்திருந்தார். ஆஸ்திரேலியாவில் பூ, பழம், விதை எல்லாவற்றையும் சுங்கத்தில் சொல்லியாக வேண்டும், மறைத்தால் அபராதம். முறுக்குப் பொட்டலத்தை அட்டையில் எழுதச் சொல்லிவிட்டு, பூவை மட்டும் இங்கேயே கழற்றச் சொன்னேன். பேத்தி உடனே கழற்றிக் கொடுத்தாள். அத்தை, விமானத்துக்குள் போகும்வரை இருக்கட்டும், அதற்குப் பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்றார்.