ஊர் பேர் தெரியாமல் ஆக்கும் வேலை

ஆனைகட்டியில் எல்லையைத் தாண்டி, சோலையூர் சாலையில் ஏறி அரை மணி நேரம் ஆகியிருக்கும். "நீங்கள் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது" என்றது கைபேசி. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் பாறை. வீடு என்று ஒன்றும் கண்ணில் படவில்லை. என் கையில் இருந்த காகிதத்தில் நான் தேடிவந்த இடத்தின் பேர், பின்னொட்டாக 'உன்னதி' சேர்த்து எழுதப்பட்டிருந்தது. ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஓர் அம்மாவிடம் அதை அப்படியே படித்துக் காட்டினேன். "அப்படி இங்க ஒண்ணும் இல்லீங்களே" என்றார். பின்னொட்டை விட்டுவிட்டு முன்பாதியை மட்டும் சொன்னேன். "அட, அந்த ஊரா! இப்படியே கீழ எறங்குங்க, பாலம் வரும், அதுக்கப்புறம் யாரைக் கேட்டாலும் சொல்வாங்க." பத்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

கேரள அரசின் உத்தரவு ஒன்று என்னை எழுத உட்கார வைத்தது இப்படித்தான். உத்தரவு பழையது. எரிச்சல் புதியது.

2024 ஜூன் 18 அன்று, ஆலத்தூர் மக்களவை உறுப்பினராகத் தேர்வாகி அமைச்சர் பதவியைவிட்டு விலகிய நாளில், கே. ராதாகிருஷ்ணன் கையெழுத்திட்ட கடைசி உத்தரவு அது. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வாழும் இடங்களைக் குறிக்கும் 'காலனி', 'சங்கேதம்', 'ஊரு' ஆகிய சொற்கள் அங்கு வாழ்பவர்களுக்குத் தாழ்வுணர்ச்சி தருகின்றன, அவற்றுக்குப் பதில் 'நகர்', 'உன்னதி', 'பிரகிருதி' போன்ற பேர்களை வைக்கலாம் என்றது உத்தரவு. ஏடுகள் பாராட்டின. தமிழ்நாட்டிலும் 2025 ஏப்ரல் 29 அன்று, அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார்.

'காலனி' போனதில் எனக்கு வருத்தம் இல்லை. சென்னையில் எல்.ஐ.சி. காலனி என்றால் வாடகை ஏறும், கிராமத்தில் 'காலனிக்காரன்' என்றால் தேநீர்க் கடையில் டம்ளர் மாறும். ஒரே சொல், குடியிருப்பவரைப் பார்த்துத் தன் பொருளை மாற்றிக்கொண்டது. அப்படிப்பட்ட சொல் போவதே நல்லது. 'சங்கேதம்' போனாலும் அழ ஆள் இல்லை. ஆனால் 'ஊர்' என்ன பாவம் செய்தது?

கொஞ்சம் கணக்குப் பார்த்தேன். பொழுதுபோகாதவன் வேலை என்று நினைத்தாலும் நினைத்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் 6 மாநகராட்சிகள். அவற்றில் திருச்சூரும் கண்ணூரும் 'ஊர்' என்று முடிகின்றன. மூன்றில் ஒரு பங்கு! நகராட்சிகள் 87. வடக்கிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் பையனூர், ஆந்தூர், மட்டன்னூர், பானூர், நிலம்பூர், தானூர், திரூர். கீழே இறங்கினால் ஷொறணூர், குருவாயூர், கொடுங்கல்லூர், பெரும்பாவூர், ஏலூர், வடக்குப் பரவூர். இன்னும் தெற்கே ஏற்றுமானூர், செங்கன்னூர், அடூர், புனலூர், கொல்லத்துப் பரவூர். நான் எண்ணியவரை பதினெட்டு. சித்தூர்–தத்தமங்கலத்தையும் சேர்த்தால் பத்தொன்பது. குருவாயூர் போய் வருகிறவருக்குத் தாழ்வுணர்ச்சி வருகிறதா? கண்ணூர்க்காரர் ஊர் பேரைச் சொல்லும்போது குரல் தாழ்கிறதா? அப்படியென்றால் 'கண்ணுன்னதி' என்று மாற்றிவிடலாமே. மாற்ற மாட்டார்கள். நகரத்தான் வாயில் 'ஊர்' பெருமை, ஆதிவாசி வாயில் அதே 'ஊர்' இழிவு என்பதுதான் அந்த உத்தரவின் உள்ளே இருக்கும் இலக்கணம்.

இதில் உச்சம் அட்டப்பாடிதான். அங்கே மூன்று ஊராட்சிகள்: அகளி, புதூர், சோலையூர். மூன்றில் இரண்டின் பேரிலேயே ஊர் இருக்கிறது. அந்த ஊராட்சிகளுக்குள் இருளரும் முடுகரும் குறும்பரும் வாழும் 192 ஊர்கள். ஊர் என்பது அவர்களுக்கு வெறும் முகவரிச் சொல் இல்லை. இருளர் ஊரில் மூப்பன் இருப்பார், குறுதலை இருப்பார், பண்டாரி இருப்பார், விதைப்புக்கும் மண்ணுக்கும் பொறுப்பான மண்ணூக்காரன் இருப்பார். நமது பஞ்சாயத்து ராஜ் சட்டம் பிறக்கும் முன்பே அது ஓர் ஆட்சியமைப்பு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சொல்லும் கிராம சபைக்குக் கேரளத்தில் வழங்கும் பேரே 'ஊருக்கூட்டம்'தான். அரசின் ஒரு கை 'ஊருக்கூட்டத்தில் தீர்மானம் போட்டுக் கொண்டுவா' என்கிறது, இன்னொரு கை 'ஊர் என்று சொல்லாதே, அவமானம்' என்கிறது. இனி அதை 'உன்னதிக்கூட்டம்' என்பார்களா?

அந்தச் சொல்லைக் கேட்டால் வெளியார் இளக்காரமாகப் பார்க்கிறார்கள் என்பது உத்தரவை ஆதரிப்பவர்களின் வாதம். இதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை, கோபம்தான் வருகிறது. 2018 பிப்ரவரி 22 அன்று முக்காலியில் மது என்ற ஆதிவாசி இளைஞனைக் காட்டிலிருந்து இழுத்து வந்து, கையைக் கட்டி, அரிசி திருடினான் என்று அடித்து, அடிக்கிறபோதே படம் பிடித்துக்கொண்டார்களே, அவர்கள் சிண்டக்கி 'ஊர்' என்ற சொல்லைக் கேட்டா கை ஓங்கினார்கள்? மன்னார்க்காட்டு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்று சொல்ல 2023 ஏப்ரல் வரை ஆனது. 1951இல் அட்டப்பாடி மக்களில் பத்தில் ஒன்பது பேர் ஆதிவாசிகள். இந்த நூற்றாண்டு பிறந்தபோது பாதிக்கும் கீழே. நிலம் யார் கைக்குப் போனது என்று எல்லோருக்கும் தெரியும். போன நிலத்தைத் திருப்பித் தருவது கடினம், பெயர்ப் பலகையை மாற்றுவது எளிது. எளிதானதைச் செய்துவிட்டுக் கைதட்டு வாங்குகிறார்கள்.

பதிலாக வரும் சொற்களையும் பாருங்கள். நகர், உன்னதி, பிரகிருதி. மூன்றும் வடமொழி. ஊர் தமிழுக்கு மட்டும் சொந்தமில்லை, மலையாளத்துக்கும் அது தாய்வீட்டுச் சொல். தன் வீட்டுச் சொல்லைத் தாழ்ந்தது என்று ஒதுக்கி, வடக்கிலிருந்து வாங்கிய சொல்லை உயர்ந்தது என்று ஏற்றிவைக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. அதை ஓர் இடதுசாரி அரசு செய்ததுதான் புதிது.

பாலக்காட்டு நகரத்துக்குள் வாருங்கள். அங்கே அக்ரகாரத்துக்குப் பேர் 'கிராமம்'. புதிய கல்பாத்தி, பழைய கல்பாத்தி, சாத்தபுரம், நூரணி, தரைக்காடு, சேகரிபுரம் எல்லாம் கிராமங்கள். நட்ட நடு நகரத்தில் இருந்துகொண்டு "நாங்க நூரணி கிராமம்" என்பார்கள். பட்டிக்காட்டான் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் யாருக்கும் கிடையாது. தெரு நேர்கோடாக ஓடும், அதன் முனையில் கோயில், இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். கதவு எண் சொன்னால் தடுமாறுவார்கள், தாத்தா பேரைச் சொன்னால் திண்ணை வரை கூட்டிக்கொண்டு போய் விடுவார்கள். அந்தக் கிராமம் ஆளின் பேரிலும் ஏறிக்கொள்ளும். தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த டி.என். சேஷனின் 'டி' திருநெல்லாயி. எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ். விஸ்வநாதனின் 'எம்' மனையங்கத்து என்ற வீட்டுப்பேர். பாதி இந்தியாவுக்கு இவர்களுடைய முகவரி தலைப்பெழுத்திலேயே தெரிந்திருந்தது. 'கிராமம்' என்பது தாழ்வாக இருக்கிறது, மாற்றுங்கள் என்று எந்த அமைச்சரும் கல்பாத்திக்குக் கடிதம் எழுதவில்லை. எழுதினால் தேர்த் திருவிழா முடிவதற்குள் பதில் வந்திருக்கும்.

எண் இருக்கிறதே, பேர் எதற்கு என்று கேட்கும் கூட்டம் ஒன்று உண்டு. கேரளத்தில் வீட்டு எண் என்பது வார்டு எண்ணும் கட்டட எண்ணும் சேர்ந்தது. வார்டு கலைந்தால் எண்ணும் கலையும். சமீபத்திய வார்டு மறுவரையறையில் 941 கிராம ஊராட்சிகளின் வார்டுகள் 15,962இலிருந்து 17,337 ஆயின. வீடு நகரவில்லை, மரம் நகரவில்லை, முகவரி மட்டும் நகர்ந்துவிட்டது. பழைய எண், புதிய எண் என்று ஒரே கதவில் இரண்டு எண்களோடு சென்னைக்காரர்கள் பட்ட பாட்டைக் கொழிஞ்சாம்பாறைக்காரரும் வடகரப்பதிக்காரரும் இனிப் படட்டும். அவர்கள் முன்பே பாதி கோயம்புத்தூரிலும் பாதி பாலக்காட்டிலும் வாழ்கிறவர்கள். கைபேசி ஒரு தெருவில் ஒரு மாநிலத்துக்கு வரவேற்கும், அடுத்த தெருவில் இன்னொன்றுக்கு.

எண்ணும் வேண்டாம், குறியீடு போதும் என்கிறது அஞ்சல் துறை. 2025 மே மாதம் வந்த டிஜிபின் பத்து எழுத்துகள் கொண்டது. 2 முதல் 9 வரை எட்டு இலக்கங்கள், சி, எஃப், ஜே, கே, எல், எம், பி, டி என்று எட்டு ரோமன் எழுத்துகள். நாட்டை ஏறக்குறைய 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டங்களாக அறுத்து, கட்டத்துக்கு ஒரு குறியீடு. கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. இணையம் இல்லாமலும் இயங்கும் என்கிறார்கள், அதுவும் சரி. ஆனால் மூணாறுத் தோட்டத்து லயத்தை நினைத்துப் பாருங்கள். ஒரே கூரை, ஒரே நீளச் சுவர், அடுத்தடுத்து வாசல்கள். கைபேசியின் இடங்காட்டி திறந்த வானத்தின் கீழேயே ஏறக்குறைய 5 மீட்டர் தவறும். மலைச்சரிவிலும் மேகத்திலும் நிற்கும் லயத்தில் அது பக்கத்து வீட்டை இவர் வீடு என்று சத்தியம் செய்யும். "பெரியவாரை, மேல் டிவிஷன், தண்ணி டேங்குக்குக் கீழ ரெண்டாவது லயம், கடைசி வீடு" என்றால் எந்த ஜீப் டிரைவரும் இருட்டில் கொண்டுபோய் விடுவார். பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மண் சரிந்து லயங்களை மூடி 70 பேரைக் கொண்டுபோனது. சிக்னல் இல்லாமல் வெளியுலகுக்குச் சேதி தெரிய மறுநாள் காலை ஆனது. அந்த மலைக்கு முதலில் வர வேண்டியது டவரா, பத்தெழுத்துக் குறியீடா?

2024 மே மாதம் ஹைதராபாத்திலிருந்து வந்த சுற்றுலாக்காரர்கள் வரைபடச் செயலியைக் கேட்டுக்கொண்டே போய்க் கோட்டயம் குறுப்பந்தறையில் காரோடு ஓடையில் இறங்கினார்கள். உயிர் தப்பியது புண்ணியம். கண்ணாடியை இறக்கி ஒருவரைக் கேட்டிருந்தால் நின்றிருப்பார்கள். வழி கேட்பது என்றால் கேட்பவருக்கும் சொல்பவருக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும். அந்தப் பொதுச்சொல்லைத்தான் உத்தரவு எடுத்துக்கொண்டு போகிறது.

இது தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. 1956 நவம்பர் 1 அன்று மலபாரோடு பாலக்காடும் அட்டப்பாடியும் சென்னை மாநிலத்திலிருந்து பிரிந்தன. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து கேரளத்துக்கே போயின. திருவிதாங்கூர்த் தமிழர் தலைவர் நேசமணியின் கட்சி அவற்றைச் சென்னை மாநிலத்துக்குக் கேட்டுப் பார்த்தது, கிடைக்கவில்லை. போகட்டும், எல்லை எல்லைதான், அதை மாற்றச் சொல்லி நான் எழுதவில்லை. ஆனால் அந்த எல்லையோரத்தில் மிஞ்சியிருப்பது வாயில் புழங்கும் இடப்பேர்கள்தான்: மறையூர், காந்தளூர், கோவிலூர், கொட்டாக்கொம்பூர், சோலையூர், புதூர். இன்றைக்கு ஆதிவாசி ஊரின் பின்னொட்டு. நாளைக்கு 'குடி'. 2010இல் உருவான கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியான இடமலக்குடியின் பேரும் யாருக்காவது தாழ்வாகத் தோன்றாதா? அதற்கடுத்து லயம். இப்படியே போனால் ஒரு தலைமுறையில் இந்த மலைகளில் தமிழில் வழி கேட்க இடம் இருக்காது. மிகை என்பவர்கள் 'உன்னதி' என்ற சொல்லை வைத்துக்கொண்டு சோலையூர்ச் சாலையில் ஒரு முறை வழி கேட்டுப் பார்க்கட்டும்.

கேரள அரசிடம் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த உத்தரவின் பட்டியலில் 'காலனி' இருக்கட்டும், 'சங்கேதம்' இருக்கட்டும், 'ஊரு' என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள். பேர் மாற்ற வேண்டும் என்று ஓர் ஊர் நினைத்தால் அதன் ஊருக்கூட்டம் கூடித் தீர்மானிக்கட்டும், மூப்பன் கையெழுத்துப் போடட்டும். அதுவரை பலகையில் ஏற்கெனவே உள்ள பேரை மலையாளத்திலும் தமிழிலும் எழுதி வையுங்கள். சித்தூர், பாலக்காடு, தேவிகுளம், பீர்மேடு வட்டாரங்களில் தமிழ் பேசுகிறவர்கள் அரசு அலுவலகத்துக்குத் தமிழில் எழுதலாம் என்பதற்கு 1969ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டமே இடம் தருகிறது. அலுவலகத்துக்கு எழுதலாம் என்றால் பலகையில் எழுதக் கூடாதா?

திரும்பி வரும்போது அதே அம்மா அதே வளைவில் நின்றிருந்தார். "கெடச்சுதுங்களா?" என்றார். கிடைத்தது என்றேன். எந்த ஊர் என்று அவரும் கேட்கவில்லை, எந்த உன்னதி என்று நானும் சொல்லவில்லை.