உரைகள் குறையட்டும்

டெபியன் லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்குவோர் 2000-இல் பிரான்சின் போர்தோ நகரில் முதன்முதலாகக் கூடினார்கள். டெப்கான்ஃப் என்ற அந்தச் சந்திப்பு 2023-இல் கொச்சிக்கும் வந்தது. இப்படியொரு கூட்டத்தைத் திட்டமிடுகிறவர்கள் முதலில் பேச்சாளர் பட்டியலைத்தான் கையில் எடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உரையை வீட்டிலிருந்தே வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம். மாதக்கணக்கில் மின்னஞ்சலில் முட்டிக்கொண்ட இருவர், ஒரே மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து, இழுத்தடித்த வழுவை அரைமணியில் தீர்ப்பதற்குத்தான் நேரில் வர வேண்டும். டெபியன்காரர்கள் இதை அறிந்தவர்கள். மாநாட்டுக்கு முன்பே டெப்கேம்ப் என்று சில நாட்களை வேலைக்கென ஒதுக்குகிறார்கள். அவரவர் ஊரிலிருந்து கொண்டுவந்த சீஸைப் பங்கிட்டுச் சாப்பிட ஒரு மாலையும் உண்டு. (மூக்கைப் பொத்திக்கொள்ள வைக்கும் ரகங்களும் அதில் சேர்த்திதான்.) கையில் பணம் இருந்தால் முதலில் பயண உதவித்தொகைக்குப் போகட்டும், மேடை அலங்காரம் அப்புறம். அதைவிட அவசரம் விசாவுக்கான அழைப்புக் கடிதம். அது மாதங்களுக்கு முன்பே கிளம்பாவிட்டால், வந்து சேர்பவர்கள் விசா தேவைப்படாத நாட்டுக்காரர்களாக மட்டுமே இருப்பார்கள். டி-சர்ட் அளவெல்லாம் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.