அணைய மறுக்கும் முகப்பு விளக்கு

காவிரிப் பாசனப் பகுதியின் ஊர்களில் இன்று வாசலில் கார் நிற்காத தெருவைக் காண்பது அரிது. ஐயம்பேட்டையிலும் கூத்தாநல்லூரிலும் அதிராம்பட்டினத்திலும் பல இல்லங்களில் அந்தக் காரின் உரிமையாளர் சிங்கப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ இருப்பார். ஊரில் இருப்போர் முதிய பெற்றோரும் இல்லத்தரசியும் பிள்ளைகளுமே. திருமணம், மருத்துவமனை, விமான நிலையம் என்று அவசியத்திற்கு மட்டுமே வண்டி வெளியே எடுக்கப்படும். ஆகவே வண்டியில் கோளாறு தோன்றும்போது, அதைக் காண்பவர் பெரும்பாலும் அதைப் பற்றி அறியாதவராகவே இருக்கிறார். அத்தகைய கோளாறுகளுள் ஒன்றை இம்மாதம் பார்ப்போம்: சுவிட்சை அணைத்த பிறகும் அணையாத முகப்பு விளக்கு.

எரியாத விளக்கைக் கண்டால் உடனே மெக்கானிக்கைத் தேடுகிறோம். அணையாத விளக்கைக் கண்டாலோ, "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று கதவைச் சாத்திவிட்டுப் படுத்துவிடுகிறோம். இதன் விளைவைச் சிறு கணக்கு ஒன்று காட்டிவிடும். சாதாரண ஹாலஜன் பல்பு ஒன்று 55 வாட். இரண்டுக்கும் 110 வாட். பின்விளக்குகளையும் சேர்த்தால், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 11 ஆம்பியர் மின்னோட்டம் இடைவிடாது வெளியேறும். சிறிய காரின் பேட்டரி 35 ஆம்பியர் மணி கொள்ளளவு உடையதாயின், மூன்று மணி நேரத்தில் அது வற்றிவிடும். இன்ஜினைக் கிளப்பும் வலுவை அதற்கு முன்பே இழந்துவிடும். இஷாத் தொழுகைக்குப் பின் நிறுத்திய வண்டி நள்ளிரவில் உயிரற்றுக் கிடக்கும். அந்த நேரத்தில் வீட்டுப் பெரியவருக்கு நெஞ்சுவலி கண்டு, தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு விரைய வேண்டிய நிலை வந்தால் என்ன செய்வது? எல்.இ.டி. விளக்குகள் மின்சாரத்தைக் குறைவாகவே எடுக்கும். எனினும் விடிய விடிய எரிந்தால் அவையும் பேட்டரியைக் காலி செய்துவிடும்.

இது கோளாறுதானா என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். அணையாமல் இருக்கும்படியே அமைக்கப்பட்ட விளக்குகளும் உண்டு. 2017 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் தயாராகும் இருசக்கர வாகனங்களில், இன்ஜின் ஓடும்வரை முகப்பு விளக்கு எரிந்தே தீர வேண்டும் என்பது விதி. பகலில் எதிரே வருவோரின் கண்ணில் வண்டி எளிதில் படுவதற்கான ஏற்பாடு இது. மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் விளக்கெரிய ஓட வேண்டும் என்பதை மலேசியா 1992-லேயே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சிங்கப்பூர் 1995-இல் பின்பற்றியது. இதை அறியாமல், எதிரே வருபவருக்கு விரல்களை மூடித் திறந்து சைகை காட்டுவோர் நம் ஊர்ச் சாலைகளில் இன்னமும் உள்ளனர்.

காரில் கவனிக்க வேண்டியவை இரண்டு. பூட்டிய பிறகும் சிறிது நேரம் எரிந்து, வீட்டு வாசல்வரை வழிகாட்டிவிட்டுத் தானே அணையும் வசதி புதிய கார்கள் சிலவற்றில் உண்டு. ஆகவே ஐந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். அடுத்தது, சுவிட்சில் 'ஆட்டோ' என்ற நிலை. முன் கண்ணாடிக்கு அருகில் டாஷ்போர்டின் மேல் பெரும்பாலும் வெளிச்சத்தை உணரும் சிறு கருவி ஒன்று இருக்கும். அதன்மேல் ஒரு துண்டையோ புத்தகத்தையோ வைத்துவிட்டால், பட்டப்பகலையும் இரவென்று எண்ணி அது விளக்கை ஏற்றிவைக்கும். மூடியிருப்பதை எடுத்துவிட்டு, சுவிட்சை 'ஆஃப்' நிலைக்கு முழுமையாகத் திருப்பிப் பாருங்கள்.

இவற்றால் அணையவில்லை என்றால் அது கோளாறே. அதை அறிய, விளக்கு எரியும் முறையை அறிந்துகொள்வது நலம். வாய்க்கால் மதகை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே திருகைச் சுற்றுகிறோம். கீழே தண்ணீரைத் தடுப்பது பலகை. காரிலும் அவ்வாறே. நாம் திருப்பும் சுவிட்ச் திருகைப் போன்றது. மின்சாரத்தை உள்ளபடி விடுவதும் தடுப்பதும் ரிலே என்னும் சிறு கறுப்புப் பெட்டி. பலகை துருவேறிச் சிக்கிக்கொண்டால் திருகைச் சுற்றிப் பயனில்லை அல்லவா? ரிலேவின் உள்ளே இருக்கும் இரு உலோக முனைகளும் நாளடைவில் தீப்பொறியால் உருகி ஒட்டிக்கொள்வதுண்டு. அப்போது சுவிட்ச் அணைந்தாலும் விளக்கு அணையாது. பழைய வண்டிகள் சிலவற்றில் ரிலே கிடையாது. முழு மின்னோட்டமும் சுவிட்ச் வழியாகவே செல்லும். அவற்றில் பழுதாவது சுவிட்சே.

பழுது எங்கே என்பதை நீங்களே கண்டுகொள்ளலாம். மீட்டர் பலகையில் நீல நிற அடையாளம் எரிகிறதா என்று பாருங்கள். சுவிட்ச் 'ஆஃப்' நிலையில் இருக்கும்போது ஹைபீம் மட்டும் எரிந்தால், ஸ்டியரிங் அருகிலுள்ள டிப்பர் கைப்பிடி சிக்கியிருக்கக்கூடும். அதை மெல்ல முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அதனால் பயனில்லையேல், பானட்டைத் திறந்து பியூஸ் பெட்டியின் மூடியில் உள்ள படத்தைக் கொண்டு முகப்பு விளக்கின் ரிலேவை அடையாளம் காணுங்கள். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு, மற்றொருவரைச் சுவிட்சைப் போட்டு அணைக்கச் சொல்லுங்கள். 'டிக்' என்ற அதிர்வு உணரப்பட்டும் விளக்கு அணையாவிட்டால் பழுது ரிலேவில். அதிர்வே இல்லையெனில், அந்த ரிலேவைப் பிடுங்கி, அதே எண்ணும் அதே அமைப்பும் உள்ள வேறொரு ரிலேவைப் பொருத்துங்கள். பல கார்களில் ஹாரன் ரிலே ஒத்துவரும். விளக்கு அணைந்தால் பழைய ரிலேதான் குற்றவாளி. அணையாவிட்டால் சுவிட்சிலோ ஒயரிலோ கட்டுப்பாட்டுக் கருவியிலோ பழுது உள்ளது. அது மெக்கானிக்கின் வேலை.

ஒயர் என்றதும் நம் பகுதியில் நினைவுக்கு வர வேண்டியது எலி. வயலில் எலி பிடிக்க வைக்கும் மூங்கில் கிட்டிக்குத் தஞ்சாவூர்க் கிட்டி என்றே பெயர் வழங்குகிறது. அந்த அளவுக்கு நெல்லும் எலியும் இம்மண்ணில் பிரியாதவை. அறுவடை முடிந்து வயல் வெறுமையானதும் எலிகள் குடியிருப்பை நாடும். நாள்கணக்கில் அசையாமல் நிற்கும் காரின் பானட் அவற்றுக்கு வசதியான இருப்பிடம். பல கார்களில் ரிலேவை இயக்கும் ஒயர் வண்டியின் உடலைத் தொட்டாலே விளக்கு எரிந்துவிடும். எலி கடித்து மேலுறை போன ஒயர் இரும்பைத் தொடும்போது நேர்வது இதுவே. கடற்கரை ஊர்களின் உப்புக்காற்றும் மழைநீரும் மின் இணைப்புகளில் பச்சைக் களிம்பை உண்டாக்கும். 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா போன்ற புயல்களில் நனைந்த வண்டிகளில், இத்தகைய கோளாறு பல மாதங்கள் கழித்தும் தலைகாட்டக்கூடும். மற்றொரு காரணம் நாமே தேடிக்கொள்வது. கூடுதல் வெளிச்சத்திற்கென 100 வாட் பல்புகளை மாட்டினால், அந்த மின்னோட்டத்திற்கென அமையாத ரிலேவும் ஒயரும் சூடேறி உருகுகின்றன.

இரவு நேரம், மெக்கானிக் வர மாட்டார். என்ன செய்வது? ரிலேவை அடையாளம் கண்டவர் அதைப் பிடுங்கி வைத்தால் போதும். அறியாதவர், சாவியை வெளியே எடுத்துக்கொண்டு, பேட்டரியில் கழித்தல் குறியிட்ட முனையின் இணைப்பை மட்டும் கழற்றிவிடட்டும். பெரும்பாலும் 10 எண் ஸ்பேனர் போதுமானது. அதற்கு முன் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கட்டாயம் கழற்றிவிடுங்கள். உலோகம் இரு முனைகளையும் இணைத்துவிட்டால் கணப்பொழுதில் சதை வெந்துவிடும். எரிந்துகொண்டிருக்கும் ஹாலஜன் பல்பைத் தொடாதீர்கள். பொசுங்கல் வாடை வந்தால் உடனே இணைப்பைத் துண்டியுங்கள். புகையோ தீயோ தெரிந்தால் பானட்டைத் திறக்க முயலாமல் அனைவரும் விலகி நின்று, 101 என்ற எண்ணில் தீயணைப்பு நிலையத்தை அழையுங்கள்.

பழுது பார்க்கும்போது, "டைரக்டாகக் கொடுத்துவிடுகிறேன்" என்று ரிலேவைத் தவிர்த்து ஒயரை நேரே இணைக்க எவரேனும் முன்வந்தால் இசையாதீர்கள். பியூஸுக்குப் பதில் கம்பி சுற்றுவதையும் ஏற்காதீர்கள். இன்று அவ்வாறு மிச்சப்படும் சிறு தொகை நாளை வண்டியையே எரித்துவிடக்கூடும். ஹைபீம் அணையாத நிலையில் வண்டியை ஓட்டவும் வேண்டாம். ஒருபுறம் ஆறும் மறுபுறம் வயலுமாக ஓடும் நம் குறுகிய கரைச் சாலைகளில், கண் கூசிய எதிர்வண்டிக்காரர் ஒதுங்க இடமின்றித் தவிப்பார்.

நெல் மூட்டையையும் தின்பண்டத்தையும் காரில் விட்டுவைக்காதீர்கள். வைக்கோல் போருக்கு அருகில் நிறுத்தாதீர்கள். வாரம் ஒருமுறை பானட்டைத் திறந்து பார்த்து, சிறிது தூரம் வண்டியை ஓட்டச் செய்யுங்கள். ஊருக்கு விடுப்பில் வரும் சகோதரர்கள், திரும்பிச் செல்லும் முன் ரிலே எது, ஸ்பேனர் எங்கே என்பதை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஒருமுறை காட்டிவிட்டுச் செல்லட்டும். பத்து நிமிட வேலைதான். ஆனால் ஓர் இரவில் அது ஓர் உயிரைக் காக்கக்கூடும்.