கேசட்டில் நாம் எங்கே இருக்கிறோம்?

என் வீட்டு அலமாரியில் அம்பேத்கர் நூல் தொகுதிகளுக்குப் பக்கத்தில் ஒரு வரிசை டிவிடிகள் இருக்கின்றன. 'மான்டரே பாப்', 'உட்ஸ்டாக்', 'கிம்மி ஷெல்டர்', 'வாட்ஸ்டாக்ஸ்'. அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் நடந்த இசை விழாக்களைப் படம் பிடித்தவை. சில படங்களில் இரண்டு பதிப்புகள்கூட வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வரும் தோழர்கள் எடுத்துப் பார்த்துவிட்டு, "வெள்ளைக்காரன் ஆட்டத்துக்கும் நம்ம வேலைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பார்கள்.

முதலில் ஒன்று. அது வெள்ளைக்காரன் ஆட்டம் மட்டும் அல்ல. ராக் இசையின் வேர் கறுப்பின மக்களின் ப்ளூஸில் இருக்கிறது. 1969 ஆகஸ்டில் நடந்த உட்ஸ்டாக் விழாவைத் தொடங்கி வைத்துப் பாடியவர் ரிச்சி ஹேவன்ஸ். முடித்து வைத்தவர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ். இரண்டு பேரும் கறுப்பர்கள். ஆனால் என் சம்பந்தம் அதுவல்ல. எந்த விழா படமாகிறது, எந்தப் படம் கடைக்கு வருகிறது, எது பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது என்பதில் இருக்கிறது.

உட்ஸ்டாக் விழாவை மைக்கேல் வாட்லி படமாக்கினார். வார்னர் பிரதர்ஸ் 1970-இல் வெளியிட்டது. சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது. பிறகு வி.எச்.எஸ்., டிவிடி, ப்ளூரே என்று எந்த வடிவம் வந்தாலும் அதில் உட்ஸ்டாக்கும் வந்தது. 1994-இல் நாற்பது நிமிடம் கூட்டி இன்னொரு பதிப்பும் போட்டார்கள். என்னைப் போன்ற கிறுக்கர்கள் அதையும் வாங்கினோம்.

அதே 1969 கோடையில், அங்கிருந்து சுமார் நூறு மைல் தொலைவில், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் இன்னொரு விழா நடந்தது. ஆறு ஞாயிற்றுக்கிழமைகள். மொத்தம் மூன்று லட்சம் பேர் வரை வந்தார்கள் என்கிறார்கள். நினா சிமோன், மஹாலியா ஜாக்சன், பி.பி. கிங், பத்தொன்பது வயது ஸ்டீவி வொண்டர். ஹால் டுல்சின் என்ற தொலைக்காட்சித் தயாரிப்பாளர் அதைச் சுமார் நாற்பது மணி நேரம் பதிவு செய்தார். கொஞ்சம் தொலைக்காட்சியில் வந்ததோடு சரி. முழுப்படமாக எடுக்க யாரும் முன்வரவில்லை. 'கறுப்பு உட்ஸ்டாக்' என்று பெயர் வைத்தும் விற்றுப் பார்த்தார், விலை போகவில்லை. நாடாக்கள் ஏறக்குறைய ஐம்பது வருடம் அவருடைய வீட்டு நிலவறையில் கிடந்தன. 2017-இல் அவர் இறந்துபோனார். 2021-இல்தான் க்வெஸ்ட்லவ் இயக்கத்தில் 'சம்மர் ஆஃப் சோல்' வெளியானது. அதுவும் ஆஸ்கர் வாங்கியது. (அந்த விருதை அறிவிக்க மேடைக்கு வந்தவரைத்தான் வில் ஸ்மித் அறைந்தார். ஐம்பது வருடம் காத்திருந்த படத்துக்குக் கிடைத்த அந்த ஒரு நிமிடத்திலும் உலகம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.)

படம் பிடிக்கவில்லை என்பதல்ல அங்கே பிரச்சினை. பிடித்தார்கள், நாடாவும் கெடவில்லை. இதைப் பாதுகாக்க வேண்டும், நாலு பேருக்குக் காட்ட வேண்டும் என்று பணமும் அதிகாரமும் உள்ள யாருக்கும் தோன்றவில்லை.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். குடுமியான்மலையில் இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு என்கிறார்கள். ஸ்வரங்களை வரிசை வரிசையாகப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்கள், இன்றைக்கும் போய்ப் படிக்கலாம். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு ஏற்றிய மான்பூண்டியா பிள்ளையும் அவர் சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளையும் புதுக்கோட்டைக்காரர்கள். அவர்கள் பெயர் சங்கீத வரலாற்றில் பத்திரமாக இருக்கிறது. உடும்புத் தோல் கட்டிய கஞ்சிரா சபாவுக்குள் போனது. மாட்டுத்தோல் கட்டிய பறை சபா வாசலில் நின்றது. அதை அடித்தவர்களின் பெயரை எந்தக் கல்லிலும் எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை.

சேகரிக்கத் தெரியாத மண் அல்ல இது. புதுக்கோட்டையில் ஞானாலயா இருக்கிறது, தனி மனிதர்கள் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூலகம். பக்கத்து மாவட்டத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்தவைதான் இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக நிற்கின்றன. தாளைச் சேர்க்கத் தெரிந்த ஊரில் நம் சத்தத்தைச் சேர்க்க ஆள் இல்லாமல் போனது.

1991 வாக்கில் அறிவொளி இயக்கம் நடந்ததே, நினைவிருக்கிறதா? ஊர் ஊராகப் பாட்டு, வீதி நாடகம், பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் கற்றுக்கொண்டது. அதைப் பற்றிப் பி. சாய்நாத் எழுதியது இந்திப் பாடநூலில்கூடப் பாடமாக இருந்தது. கல் குவாரியில் வேலை பார்த்த பெண்கள் அந்த இரவுகளில் பாடிய பாட்டுகள் எங்கே? கேட்டால் அவரவர் நினைவில் இருக்கிறது என்பார்கள். அந்தப் பெண்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது.

எண்பதுகளின் கடைசியிலிருந்து நம் ஊர்களுக்கும் வீடியோ வந்துவிட்டது. டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த தலைமுறை நாம். அதே காலத்தில்தான் திருவிழாவை வீடியோ எடுக்கும் பழக்கமும் வந்தது. மூன்று மணி நேர கேசட்டில் முளைப்பாரி, கரகாட்டம், வள்ளி திருமணம் நாடகம் எல்லாம் இருக்கும். அப்படிப்பட்ட கேசட்டுகள் சிலவற்றைத் தேடிப்பிடித்துப் பார்த்திருக்கிறேன். பார்க்கப் பார்க்க ஒன்று உறைத்தது. தொடக்கம் முதல் கடைசி வரை பறைச் சத்தம் கேட்கிறது. அடிப்பவர்கள் தெரிவதில்லை. மண்டகப்படிதாரர்களின் மாலையும் வேட்டியும் நெருக்கத்தில் தெரிகின்றன. நம் ஆட்கள் பக்கம் கேமரா திரும்பினாலும் இரண்டு விநாடியில் நகர்ந்துவிடுகிறது. ஒரு கேசட்டில் ஒரு தோள், இரண்டு கைகள், ஒரு குச்சி. அவ்வளவுதான்.

உட்ஸ்டாக் படத்தில் சான்டானா குழுவின் இருபது வயது டிரம்மர் மைக்கேல் ஷ்ரீவ் தனியாக வாசிக்கும் இடத்தைப் பாருங்கள். கேமரா அவன் கையையும் வியர்வையையும் முகத்தையும் விட்டு நகராது. ஒரு தோல் கருவி அடிப்பவனைக் கலைஞனாகப் பார்ப்பது என்றால் என்ன என்று அந்தச் சில நிமிடங்கள் எனக்குக் காட்டின. நம் ஊர் வீடியோக்காரர் கெட்டவர் அல்ல. யார் முகத்துக்கு நேராகக் கேமராவைப் பிடிக்க வேண்டும் என்று ஊர் அவருக்கு முன்னாலேயே சொல்லிக் கொடுத்துவிட்டது.

இதனால்தான் 'வாட்ஸ்டாக்ஸ்' படத்தை எல்லோரும் பார்க்க வேண்டும் என்கிறேன். லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில் 1965-இல் கறுப்பின மக்கள் கொதித்தெழுந்ததன் ஏழாம் ஆண்டை ஒட்டி 1972 ஆகஸ்டில் நடந்த விழா. கட்டணம் ஒரு டாலர். ஒரு லட்சம் பேர் கூடினார்கள். கேமரா மேடையில் மட்டும் நிற்காது. சலூனுக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் போகும், வேலை, காதல், சாமி, போலீஸ் என்று சாதாரண மனிதர்களைப் பேசவிடும். மேடையில் பாட்டும் கீழே வாழ்க்கையும் ஒரே படத்தில் வந்துவிடும். நம் விழாக்களை இப்படித்தான் எடுக்க வேண்டும்.

நம் இயக்க அலுவலகங்களின் பீரோவைத் திறந்தால் என்ன இருக்கிறது? முதல் தகவல் அறிக்கை நகல், உண்மையறியும் குழு அறிக்கை, எரிந்த குடிசைகளின் போட்டோ. எல்லாம் தேவை, ஒன்றையும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நம்முடைய ஆவணம் என்றால் அடி வாங்கிய ஆவணம் மட்டும்தான் என்று ஆகிவிட்டது. வேங்கைவயல் என்ற பெயரை 2022 டிசம்பரில் குடிதண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்தவர்கள் வழியாகத்தான் நாடு தெரிந்துகொண்டது. அந்த ஊர்ப் பிள்ளைகள் பொங்கலுக்கு எப்படி ஆடுவார்கள் என்று யாருக்காவது தெரியுமா? நம்மை வெறுப்பவர்கள் செய்ததை மட்டும் நாம் சேமித்து வைத்தால், அவர்கள் எழுதியதுதான் நம் வரலாறு என்றாகிவிடும்.

பறை வேண்டாம், அது சாவு வீட்டு அடிமைத்தனத்தின் அடையாளம் என்று சொல்லும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. மிரட்டி அடிக்க வைத்த வீடியோவும் கேசட்டில் இருக்கும், நாமே மேடை போட்டு ஆடியதும் இருக்கும். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், எது எது என்று மேலே எழுதி வையுங்கள். 'கிம்மி ஷெல்டர்' படத்தில் மெரிடித் ஹன்டர் என்ற பதினெட்டு வயதுக் கறுப்பின இளைஞன் விழாக் கூட்டத்தில் குத்திக் கொல்லப்படுவது பதிவாகியிருக்கிறது. குத்தியவன் தற்காப்பு என்று விடுதலையானான், அதற்கும் அந்தப் படச்சுருள்தான் சாட்சி. கேமரா இருந்தால் நீதி கிடைத்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்தப் படம் இல்லையென்றால் அவன் பெயரை இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

2018-இல் சென்னை கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியதையும், 2020 முதல் நடந்த மார்கழியில் மக்களிசையையும் நல்ல கேமராவில் எடுத்திருக்கிறார்கள். மகிழ்ச்சி. அவை யூடியூபில் இருக்கின்றன என்று சும்மா இருந்துவிடக் கூடாது. இருப்பதும் நீக்குவதும் அந்தக் கம்பெனி கையில். 'வாட்ஸ்டாக்ஸ்' படத்திலேயே ஐசக் ஹேய்ஸ் பாடிய கடைசிப் பாட்டை உரிமைச் சிக்கலால் வெட்டி, முப்பது வருடம் கழித்துத்தான் திரும்பச் சேர்த்தார்கள்.

நம் கேசட்டுகளுக்கு அவ்வளவு காலம் கிடையாது. காந்த நாடா இருபது முப்பது வருடத்தில் தளர்ந்துவிடும். கடைசியாக வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பான் கம்பெனியும் 2016-இல் நிறுத்திவிட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் ஓட்டைப் பிய்த்துப் போட்டபோது பரணில் இருந்த கேசட்டுகள் எத்தனை நனைந்தன என்று கணக்கே இல்லை. மிச்சம் இருப்பவற்றில் பூஞ்சை வெள்ளையாகப் படர்ந்திருக்கும். அப்படி இருந்தால் டெக்கில் போட்டுப் பார்க்காதீர்கள், நாடாவும் போய்விடும், டெக்கின் ஹெட்டும் போய்விடும். காய்ந்த இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். எந்த ஊர், எந்த வருடம், அடித்தவர் யார், ஆடியவர் யார் என்று பெரியவர்களிடம் கேட்டு இப்போதே ஒரு தாளில் எழுதி உள்ளே செருகுங்கள்.

ஆலங்குடி, கறம்பக்குடி, அறந்தாங்கி பக்கம் ஓடுகிற நிலையில் டெக் வைத்திருப்பவர்கள், பழைய ஸ்டுடியோ நடத்தியவர்கள் இதைப் படித்தால் சொல்லுங்கள். கம்ப்யூட்டருக்கு மாற்றும் செலவை நாலு பேர் பகிர்ந்துகொள்ளலாம். முதலில் கலை இரவு மேடைகளின் கேசட்டுகள், அடுத்து நம் தெருக் கோயில் திருவிழாக்கள்.